சுமைதாங்கியில் நிற்கிறவன்

அண்டத்துக்கு எத்தனை மாடி என்று கான்ச்சி கேட்டாலும் கேட்டாள், ஒரு வாரத்துக்கு எங்கள் ஊர் எருமைகள்கூட யோசனையில் மூழ்கிப் பால் சுரக்க மறந்துவிட்டன. ஏழு என்றார் ஊர்த்தலைவர். ஒன்பது என்றாள் அவர் மனைவி; அவர் ஏழு என்று சொன்னது ஒன்றே அதற்குக் காரணம். நான் பன்னிரண்டு என்றேன். உச்சி மாடியில் கூரை ஒழுகுகிறது, அதைத்தான் நீங்கள் மழைக்காலம் என்கிறீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் அத்தனையையும் எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை என் வாசலில் கூட்டம். ஆளுக்கொரு மாடி கட்டித்தர வந்திருந்தார்கள்.

கான்ச்சி என்றால் கடைக்குட்டிப் பெண். அவளுடைய சொந்தப் பெயர் அனேலி. ஊர் பின்லாந்து, அங்கே குளிர்காலத்தில் சூரியன் வேலைக்கே வராதாம். மானிடவியல் படித்தவள். எந்தெந்த ஜனங்கள் வானத்தையும் மண்ணையும் செத்தவர்கள் போகும் இடத்தையும் எப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து எழுதுவது அவள் வேலை. நேபாள மலையில், குருங் இனத்தவரான எங்கள் ஊரில் உறவு இல்லாமல் ஒருவர் தங்க முடியாது. யாரைக் கேலி செய்யலாம், யார் முன்னால் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியாமல் எப்படித் தெருவில் நடப்பது? அதனால் வந்த மாதமே ஒரு சேவலை அறுத்து, என் அப்பாவின் கடைசி மகளாக அவளை எங்கள் குலத்தில் சேர்த்துக்கொண்டோம். அப்பா செத்து வெகுகாலமாகியிருந்தது. அந்த நிலைமையிலும் அவருக்கு இப்படியொரு வெள்ளை மகள் பிறந்ததில் எனக்குப் பெருமைதான்.

வீடு வீடாகப் போய்த் தரையில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, "இதுல வரைஞ்சு காட்டுங்க, உலகம் எப்படி இருக்கு?" என்பாள். ஒருத்தி குடை வரைந்தாள். ஒருவர் பானை வரைந்தார். நான் பட்டாளத்து அடுக்குத் தூக்குச்சட்டியை, மூடி உட்பட வரைந்தேன். எங்கள் பூசாரி புத்திமான் மட்டும் விரலால் ஒரே ஒரு கோடு இழுத்தார்.

நோயாளியின் தொலைந்த உயிரைத் தேடிக் கூட்டிவருவதும், செத்தவரின் உயிரைக் கொண்டுபோய் விடுவதும் அவர் தொழில். அவரை நாங்கள் பாச்சு என்போம்.

"இது என்ன பாச்சு?"

"வழி."

"வானம் எங்கே?"

"போற வழியில வரும்."

அந்தக் கோடு செத்தவரின் வீட்டு அடுப்பில் தொடங்குகிறது. வாசல், ஊற்று, ஆட்டுக்காரர் துறை, மூங்கில் சரிவு, கணவாய்க்குக் கீழே காற்றடிக்கும் மேட்டில் இருக்கும் சுமைதாங்கி. இதுவரை எல்லாம் நாங்கள் விறகு தூக்கிக்கொண்டு போய்வரும் இடங்கள். அதற்கப்புறம் பறவை இல்லாத ஏரி, அழுகிற பாறை, முன்னோர் ஊர். பாச்சு ஒவ்வொரு இடமாகப் பெயர் சொல்லிப் பாட, உயிர் அவர் பின்னால் நடந்து போகும்.

"இதுல எந்த இடத்துல நம்ம உலகம் முடியுது?" என்றாள் கான்ச்சி. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எங்கேயும் முடியல. கால் செருப்புதான் முடியும்."

அவள் சந்தோஷத்தில் பாச்சுவைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அவர் தசராவுக்குத் தசரா குளிக்கிறவர். மானிடவியல் எவ்வளவு துணிச்சலான படிப்பு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பாட்டை முழுவதும் பதிவுசெய்ய வேண்டும் என்று அவள் கெஞ்ச ஆரம்பித்தாள். பாச்சு காதைப் பொத்திக்கொண்டார். சாவு இல்லாமல் அதைப் பாடக் கூடாது. வழியைத் திறந்தால் யாராவது நடந்தாக வேண்டும்.

இங்கே என் தங்கை ஜசுமாயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளைக் கட்டியவன் எங்கள் அத்தை மகன் ஹஸ்தசிங். வீட்டில் இரண்டாவது பிள்ளை, ஆகையால் ஊருக்கு அவன் மாய்லா. கல்யாணமாகி இரண்டு அறுவடை முடிந்ததும் அஸ்ஸாமுக்கு வேலைக்குப் போனான். ஒரு கம்பளி அனுப்பினான். பிறகு அவனும் இல்லை, சேதியும் இல்லை. அவன் போனபோது நட்ட வாதுமை மரம் இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. ஜசுமாயா கழுத்தில் சுமங்கலியின் பச்சைப் பாசிமணி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் களியைக் கிண்டினால் முதல் உருண்டை அவன் தட்டில்.

அந்த வீட்டிலேயே மாய்லாவின் தம்பி காய்லாவும் குடும்பத்தோடு இருந்தான். காய்லாவின் மகள் சுக்லி அப்போது மூன்றடி உயரம்கூட இல்லை. காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். கை கால் எல்லாம் மூங்கில் குச்சியாக இளைத்துவிட்டது. செத்த அண்ணனை முறைப்படி அனுப்பாததால் அவன் உயிர் பசியோடு வீட்டைச் சுற்றுகிறது, குழந்தையைத் தொடுகிறது என்று காய்லா நம்பினான். அனுப்ப வேண்டுமென்றால் செத்தவனின் தாய்மாமன் வீட்டிலிருந்து வெள்ளைத் துணி வர வேண்டும். அது எங்கள் வீடு. நான் துணி கொடுக்கவில்லை என்றால் சாவுச் சடங்கு கிடையாது.

"மச்சான், உங்க கையில ஒரு முழத் துணி கிடையாதா? என் புள்ள போகுது மச்சான்," என்பான் காய்லா.

"அண்ணா, நீங்க துணிய எடுத்தா அது எனக்கும் சேர்த்துன்னு நெனச்சுக்கோங்க," என்பாள் ஜசுமாயா. உயிரோடிருக்கிறவனுக்கு வழியைத் திறந்தால் அவன் எங்கிருந்தாலும் அங்கேயே விழுந்து சாவான். அது எல்லோருக்கும் தெரியும்.

நான் இருவருக்கும் நடுவே, வாய்க்கு வந்த கதையைச் சொல்லி வருடங்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். கான்ச்சி பொக்காரா நகரத்துக்குப் போய் சுக்லிக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள்.

ஐப்பசி வெயிலில் ஒரு நாள் காலை ஜசுமாயா வீட்டில் உட்கார்ந்து நான் களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஆட்டுப்பட்டிப் பக்கம் மேளச் சத்தம். யாருடைய ஆட்டுக்கு என்ன சீக்கோ என்று நினைத்தேன். காற்று திரும்பியது. செத்தவர்களைக் கூப்பிடும் ராகத்தில், இழுத்து இழுத்து, ஹஸ்தசிங் என்ற பெயர் இறங்கி வந்தது.

ஜசுமாயா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடிய வேகத்தில் கோழிகள் பறந்தன, வேலி சாய்ந்தது, மலை ஒரு சாண் பின்னால் நகர்ந்து வழிவிட்டது. என் முழங்காலுக்கு அந்த வேகம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மேளத்தை உதைத்துக் கிழித்திருந்தாள்.

பட்டியில் பாச்சு திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காய்லா. எதிரில் ஒலிப்பதிவுப் பெட்டியோடு கான்ச்சி. நடந்தது இதுதான். பாட்டுக்கு ஒரு செத்தவர் பெயர் வேண்டும் என்று பாச்சு சொல்லியிருக்கிறார். காய்லா அண்ணன் பெயரைக் கொடுத்திருக்கிறான். மாமன் வீட்டுத் துணி இல்லாததால் இது வெறும் ஒத்திகைதான், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று பாச்சு தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். தன் குரல் கடல் தாண்டிப் போகும் என்ற ஆசை அவருக்கு. காய்லாவுக்கோ, ஒத்திகையிலாவது அண்ணன் நாலு எட்டு நகர்ந்து போய்விட மாட்டானா என்ற நப்பாசை. மாய்லா என்று மட்டுமே கேள்விப்பட்டிருந்த கான்ச்சிக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது.

"யாரடா அனுப்புற? என் புருஷன அனுப்ப நீ யாரடா?" ஜசுமாயா காய்லாவின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, சும்மா பெட்டிக்குத்தான் பாடினாரு..."

"பெட்டிக்கு உன் பேரச் சொல்ல வேண்டியதுதானே? நல்லா இருந்திருக்குமே!"

கான்ச்சி எழுந்து அவள் கையைத் தொட்டாள். "அக்கா, இது பதிவுக்கு மட்டும்தான். நிஜமான சடங்கு இல்ல. துணி இல்லையே. பாச்சுவே சொன்னாரு."

ஜசுமாயா திரும்பினாள். அவள் பார்வை தரையில் நின்றது. பாச்சுவின் முன்னால் ஒலிவாங்கி இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி.

"இது யாரு போட்டது?"

"நான்தான். என் கைக்குட்டை. காத்து இரைச்சல் பதிவாகாம இருக்க..."

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

கான்ச்சிக்குப் புரிந்துவிட்டது. உலகத்தை அடுக்கும் கலையை எங்களிடம் அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாள். அவள் என் அப்பாவின் மகள். மாய்லாவின் தாய்மாமன் வீட்டுப் பெண். பூசாரி முன்னால் தன் கையால் வெள்ளைத் துணி விரித்திருக்கிறாள்.

பாச்சு என்னைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாமன் வீட்டுத் துணி விழுந்துடுச்சு. விழுந்து நான் பாடிட்டேன். ஐயோ ரன்சூரு, வழி திறந்துதான் கிடந்திருக்கு!"

"பாதியில நிறுத்திட்டீங்களே, அப்போ ஒண்ணும் ஆகலதானே?" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"பாதியிலதான் நிக்குறான். சுமைதாங்கி வரைக்கும் கொண்டுபோயிட்டேன். அங்கதான் மேளம் கிழிஞ்சுது."

எல்லோரும் மேட்டைப் பார்த்தோம். மூங்கில் சரிவுக்கு மேலே சுமைதாங்கிக் கல் வெயிலில் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை. யாரும் இல்லாத அந்த இடத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது.

கான்ச்சி பெட்டியிலிருந்து நாடாவை வெளியே எடுத்தாள். "அழிச்சிடறேன் அக்கா. இப்பவே."

"வேணாம்மா!" பாச்சு பாய்ந்தார். "அவன் நடந்து வந்த வழி அதுக்குள்ள இருக்கு. அத அழிச்சா எந்த வழியில திரும்புவான்?"

ஜசுமாயா நாடாவைப் பிடுங்கி இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டாள். "அக்கான்னு கூப்பிட்டியேடி," என்றாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பாச்சு வழக்கை உடைத்துச் சொன்னார். மாய்லா செத்தவன் என்றால் மிச்சப் பாட்டைப் பாடி முன்னோர் ஊரில் சேர்க்க வேண்டும். உயிரோடிருக்கிறவன் என்றால், நோயாளியின் உயிரைக் கூட்டிவரும் பாட்டால் வீட்டுக்குத் திருப்ப வேண்டும். காற்றடிக்கும் மேட்டில் அப்படியே விட முடியாது. உயிரோடிருக்கிறவனை முன்னால் அனுப்பினால் அவன் சாவான். செத்தவனைப் பின்னால் கூப்பிட்டால் அவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தின்பான். "எது நடந்திருக்குன்னு நீங்க சொல்லுங்க. நான் வழிகாட்டி. செத்தானா இருக்கானான்னு எனக்குத் தெரியாது."

"முன்னால அனுப்புங்க," என்றான் காய்லா. "அண்ணி, உங்க கால்ல விழறேன். சுக்லியப் பாருங்க. வீட்டுக்குள்ள அவன் வேணாம்."

"நான் அவரையே கேட்டுட்டு வர்றேன்," என்றாள் ஜசுமாயா.

இதை வேறு எந்த ஊரில் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படி நினைக்கவில்லை. இடம் தெரியும், ஆள் அங்கே நிற்கிறான், போய்க் கேட்டால் என்ன? வீட்டுக்குப் போய்க் களியும் ஒரு குவளைச் சாராயமும் மாய்லாவின் கம்பளியும் எடுத்துக்கொண்டு அவள் ஏறினாள். நான் பின்னால். எனக்குப் பின்னால், கூப்பிடாமலே, கான்ச்சி.

மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. எனக்குப் பல் இரண்டு ஆடியது, காற்றினாலா வயதினாலா தெரியவில்லை. ஜசுமாயா சுமைதாங்கிக் கல்லின்மேல் கம்பளியை விரித்து, களியை வைத்து, எதிரில் குந்தினாள்.

"வந்துட்டீரா? இவ்வளவு காலம் கழிச்சு, இவ்வளவு கிட்ட. அதுவும் நீராவா வந்தீர்? இழுத்துட்டு வந்திருக்காங்க." மூக்கைச் சிந்தினாள். "இருக்கீரா இல்லையா? அத மட்டும் சொல்லும். அங்க வேற எவளாவது இருக்காளா? இருந்தாலும் பரவாயில்ல. இருந்தா நீர் இருக்கீர்னு ஆச்சே."

கான்ச்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் நோட்டு இல்லை, பெட்டி இல்லை. "அண்ணா, நீங்க நிஜமாவே நம்பறீங்களா? அவர் இங்க நிக்கறார்னு?"

"நம்பறதுக்கு என்ன இருக்கு? கொண்டுவந்து விட்டாங்க, நிக்கறான்."

"நான் நம்பல." கல்லை விட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டு, "ஆனா அந்தக் கல்லுமேல என்னால உட்கார முடியல," என்றாள்.

களி ஆறியது. ஒரு காக்கை வந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு போனது. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எங்கள் ஊர்க் காக்கை உயிரோடிருப்பவர் சாப்பாட்டையும் எடுக்கும். மேகம் ஏறிவந்தபோது ஜசுமாயா எழுந்தாள். முகம் துடைத்த பாத்திரம்போல் இருந்தது.

"ஒண்ணும் சொல்லல அண்ணா. குளிருது போல, அவ்வளவுதான் தெரியுது." பிறகு சொன்னாள்: "தப்பா அனுப்பினா அவர் சாவாரு. தப்பாக் கூப்பிட்டா நான் சாவேன். இதுல யோசிக்க என்ன இருக்கு? கூப்பிடச் சொல்லுங்க."

கீழே காய்லா வாசலில் குறுக்கே நின்றான். கையில் அரிவாள்கூட இருந்தது, பாவம், அதை எப்படிப் பிடிப்பது என்றுகூட அன்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. "என் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வராதீங்க அண்ணி."

"உன் வீட்டுக்கு யாருடா வர்றா? மூங்கில் சரிவுல நம்ம எருமைக் கொட்டில் சும்மாதானே கிடக்குது. அதுவரைக்கும் கூப்பிட்டாப் போதும். நான் அங்க போயிடறேன்."

பாச்சு இப்படியொரு பாதிவழிப் பாட்டை வாழ்நாளில் பாடியதில்லை. புது மேளத்தைக் கட்டி, சுமைதாங்கியிலிருந்து சரிவு வரைக்கும் இடம் இடமாகப் பெயர் சொல்லிக் கூட்டிவந்தார். கொட்டில் வாசலில் ஜசுமாயா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பிறகு சாத்தினாள். எங்கள் யாருக்கும் உள்ளே போகத் தோன்றவில்லை.

மாதம் ஒன்று போனது. ஆட்டுக்காரர்கள் கொட்டில் பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள். நானும் கான்ச்சியும் மட்டும் மாவும் உப்பும் கொண்டுபோனோம். உள்ளே இரண்டு பாய், இரண்டு தட்டு. ஜசுமாயா கொஞ்சம் இளைத்திருந்தாள். இருமல் இருந்தது. புகை என்றாள். கொட்டிலில் புகை அதிகம்தான். கான்ச்சியின் பல்கலைக்கழகத்திலிருந்து அண்டத்தின் படம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வரைந்ததைப் பார்த்தேன்: மாடியெல்லாம் அடித்துவிட்டு ஒரு கோடு, அதில் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

அப்புறம் சுக்லிக்குக் காய்ச்சல் நின்றது. திரும்ப வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. களி இரண்டு உருண்டை தின்றாள். ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள். ஊரே பூரித்தது, பூரித்த கையோடு ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது போய்விட்டது. அப்படியென்றால் சுற்றிக்கொண்டிருந்தது எது? எங்கே போனது? காய்லா வாதுமை மரத்தடியில் உட்கார்ந்து அண்ணனுக்காக அன்றுதான் முதல்முறையாக அழுதான்.

சேதி எங்களுக்கு முன்னாலேயே கொட்டிலுக்குப் போயிருந்தது. நாங்கள் ஏறிப் போனபோது ஜசுமாயா வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"புள்ள நல்லா இருக்காளாமே," என்றாள்.

"ஊர் கோழியெல்லாம் மலையேறிப் போயிடுச்சு, அவ துரத்தற துரத்தல்ல," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கீரையை வைத்துவிட்டு கான்ச்சியை நேராகப் பார்த்தாள். "கான்ச்சி, நீ படிச்சவ. எங்க ஆளுங்க பேச்ச விடு. நீ மாத்திரை குடுத்தியே, அது காய்ச்சலுக்கு நல்ல மாத்திரைதானே?"

"நல்ல மாத்திரை அக்கா."

"அதுல சரியாயிருக்குமா?"

இரண்டு நாளைக்கு முன்னால் நானும் கான்ச்சியும் காய்லா வீட்டுக்குப் போயிருந்தோம். விட்டத்தில், மிளகாய் மாலைக்குப் பக்கத்தில், அந்த மாத்திரை அட்டை செருகியிருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. குழந்தை கசப்பென்று துப்பியதால் தாய் எடுத்து வைத்துவிட்டாள். நான் அதைப் பார்த்தேன். கான்ச்சி பார்த்ததையும் பார்த்தேன்.

வாழ்நாளெல்லாம் ஒரு முழத்தை ஒன்பது முழமாகச் சொல்லிப் பழகிய எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

"மாத்திரையிலதான் சரியாச்சு அக்கா," என்றாள் கான்ச்சி. "கண்டிப்பா மாத்திரைதான்."

ஜசுமாயா அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கீரையை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்தாள். "கேட்டீரா?" என்று கொட்டிலுக்குள் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன் இருமல் பிடித்துக்கொண்டது.

நாங்கள் இறங்கினோம். கான்ச்சி என்னை முந்திக்கொண்டு நடந்தாள். அவள் முகத்தைப் பார்க்க நானும் எட்டி நடக்கவில்லை. கீழே காய்லா வீட்டு முற்றத்தில் சுக்லி எதையோ துரத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். காற்று மேல்நோக்கி அடித்தது. அந்தச் சத்தம் கொட்டில் வரைக்கும் கேட்கும்.